கொலஸ்ட்ரால் குறைய எது கைகொடுக்கும்: பார்லியா, ஓட்ஸா, இசப்கோலா?

கொலஸ்ட்ரால் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஓட்ஸைத்தான் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பெயரில் பாதியாவது பார்லிக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டிலும் வேலை செய்வது பீட்டா குளுக்கன் என்ற ஒரே கரையும் நார்ச்சத்துதான். இதய நலம் பற்றிய வாசகத்தை உணவுப் பொட்டலத்தில் அச்சிட, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸுக்கு 1997-இல் அனுமதி தந்தது. பார்லிக்கான விதி 2006-இல்தான் உறுதியானது. தேவையான அளவு இரண்டுக்கும் ஒன்றே: நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன். உலர்ந்த தானியமாக எடைபோட்டால் ஏறக்குறைய 60 முதல் 75 கிராம்.

வெந்த பார்லியை விரலிடையே நசுக்கிப் பாருங்கள், வழவழவென்று ஒட்டும். அந்தப் பிசுபிசுப்புதான் மருந்து. குடலில் அது பித்த அமிலங்களைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்ததை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் தயாரிக்கும் கல்லீரல், அதற்கான கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். சுமார் 5 முதல் 7 சதவீதம் குறைகிறது. நல்ல கொலஸ்ட்ராலில் பெரிய மாற்றம் இராது.

பார்லி முந்துவது ஓர் இடத்தில். ஓட்ஸில் இந்த நார் பெரும்பாலும் தவிட்டுப் பகுதியில் செறிந்திருக்கிறது. பார்லியிலோ மணி முழுவதும் பரவியிருக்கிறது. அதனால் தீட்டிய பார்லியிலும் கணிசமாக மிஞ்சுகிறது. ஆனால் முளைகட்டி மால்ட் ஆக்கினால், தானியத்தின் சொந்த நொதிகளே பீட்டா குளுக்கனைச் சிதைத்துவிடும். மால்ட் பானத்தைப் பார்லிக்கு ஈடாகக் கொள்ளவே முடியாது. மணியை எறிந்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரை மட்டும் குடிப்பவர்களும் நாரில் பெரும்பங்கை இழக்கிறார்கள். மணியோடு சாப்பிடுங்கள்!

கோதுமைத் தவிடு இந்தப் போட்டியிலேயே இல்லை. அதன் நார் பெரிதும் கரையாதது. மலச்சிக்கலுக்கு நல்லது, கொலஸ்ட்ராலுக்கு அல்ல.

வலுவான போட்டியாளர் இசப்கோல் என்ற விதை உமி. சில கிராம் உமியிலேயே நிறையக் கரையும் நார் கிடைக்கிறது, எல்.டி.எல். குறைவதும் பார்லிக்குச் சளைத்ததல்ல. சமைக்க நேரமில்லாதவர்களுக்கு அதையே சொல்வேன். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். மாத்திரைகளுக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும். ஆனால் அது வெறும் நார். பார்லி வயிறு நிறைக்கும் ஒரு வேளை உணவு. தினமும் தொடர முடிகிறதா என்பதே முக்கியம் என்பதால் என் ஓட்டு பார்லிக்கு.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டாட்டின் மாத்திரைகள் எல்.டி.எல்.லை 30 சதவீதத்துக்கும் மேல் குறைப்பவை. எந்த நாரையும் நம்பி அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. பார்லியில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. அது ஒவ்வாதவர்களுக்கு இசப்கோலே பாதுகாப்பான வழி.