வேண்டுதல் என்னுடையது, காரணம் யாருடையது?

மூன்று வருடம் முன்பு, தைப்பூசத்துக்குக் காங்கேயத்திலிருந்து பழனிக்கு நடந்து போய்வந்த கையோடு ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதினேன். தங்கை மகனுக்கு வலிப்பு வந்தது, முருகனிடம் வேண்டிக்கொண்டது, ஒரு வருடமாக அது வராமல் இருப்பது, எல்லாவற்றையும் அவன் படத்தோடு போட்டேன். நாலாம் நாள் தங்கை போன் செய்தாள். பள்ளியில் பக்கத்து பெஞ்ச் பையன் "உனக்கு வலிப்பாமா?" என்று கேட்டிருக்கிறான்.

"வேண்டுதல் உங்களுதுங்ணா. நோவு எம்பையனுதல்லங்?" என்றாள்.

அன்றிரவே பதிவை அழித்தேன். அதற்குள் அது பங்காளிகள் குரூப் வரை போயிருந்தது.

எழுதியதில் நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். முகம் தெரியாத ஒரு தாய், தன் பிள்ளைக்கும் இதே நோவு, படித்ததும் தெம்பு வந்தது என்று எழுதியிருந்தார். பொதுவில் எழுதினால்தான் அப்படி ஒருவரைப் போய்ச் சேர முடியும். ஆனால் அந்தத் தெம்புக்குப் பையனின் பெயரோ படமோ தேவைப்பட்டிருக்காது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கொஞ்சம் பரவாயில்லை. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், யார் பார்க்கலாம் என்றும் நாமே தேர்ந்தெடுக்கலாம். பார்த்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் குறை.

குடும்பக் குரூப்தான் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் அதிகப் பயம். ஃபேஸ்புக்கில் படிப்பவருக்கு நம் வீடு எது என்று தெரியாது. குரூப்பில் இருப்பவர்கள் பங்காளிகள், மாமன் மச்சான், நாளைக்குப் பெண் கேட்டு வரப்போகிறவர்களின் சொந்தம். ஒரு நோவோ, முறிந்த சம்பந்தமோ அங்கே சொல்லப்பட்டால், பத்து வருடம் கழித்து ஜாதகம் எடுக்கும்போது மேலே வரும். அக்கறையோடுதான் கேட்பார்கள். கேட்கப்படுகிற பிள்ளைக்குத்தான் வலி.

சாமி காரியத்தில் எதை வெளியே சொல்வது என்பதற்கு, நம் ஊரில் போன் வருவதற்கு முன்பே இரண்டு விதமான வழி இருந்திருக்கிறது. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் கனவில் ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொல்ல, கோயிலில் சாமி முன் பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தபின் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். கண்டவரின் பேரும் ஊரும் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அங்கே வெளியே வருவது அவருடைய சொந்தக் கனவு. இன்னொருவர் வீட்டு ரகசியம் அதில் இல்லை.

சத்தியமங்கலம் பக்கத்துப் பண்ணாரி அம்மன் கோயிலில் பங்குனிக் குண்டம், அதாவது தீமிதி, வேறு மாதிரி. மஞ்சள் துணியும் கையில் வேப்பிலையுமாக ஆயிரக்கணக்கானவர்கள் ஊர் பார்க்கத் தணலில் இறங்குகிறார்கள். பக்தியில் மறைவே கிடையாது. எதற்காக இறங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை. பெற்ற மகளுக்காகவா, கடனுக்காகவா, அது அம்மனுக்கும் அவருக்கும் மட்டும்.

நான் பண்ணாரி வழியையே எடுத்துக்கொண்டேன். நடந்ததைச் சொல்கிறேன், எதற்கு நடந்தேன் என்பதைச் சொல்வதில்லை. காரணம் என் உடம்பைப் பற்றியதானால் மட்டும் எழுதுவேன், அதுவும் வீட்டில் கேட்டுவிட்டு.

இந்தத் தைப்பூசத்துக்குத் தங்கை மகனும் என்னோடு நடந்தான். மாத்திரையும் தவறாமல் எடுக்கிறான். தாராபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தபோது, "படம் போடட்டுமா கண்ணு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கால் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"காலை மட்டும் போடுங்க மாமா" என்றான்.