பழைய மேப் வாங்கப் போறீங்களா? முதலில் தாளைத் தடவிப் பாருங்கள்

ஈரோட்டில் வீடு கட்டி முடித்ததும், முன்னறைச் சுவரில் வெள்ளைக்காரன் காலத்து மேப் ஒன்று மாட்ட ஆசைப்பட்டேன். மூன்று வருடத்தில் இரண்டு வாங்கினேன். ஒன்று சுவரில் இருக்கிறது, இன்னொன்று பீரோவுக்கு மேல் படுத்திருக்கிறது.

நம் கொங்குப் பகுதி தெரிகிற அசல் மேப் என்று தேடினால் பட்ஜெட்டுக்குள் சிக்குவது பெரும்பாலும் மூன்று வகைதான். 1851 வாக்கில் லண்டனில் ஜான் டாலிஸ் வெளியிட்ட இந்தியா மேப் ஒன்று. ஓரமெல்லாம் படம் போட்டு கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக இருக்கும். ஆனால் மொத்த இந்தியாவும் ஒரே தாளில் அடங்குவதால் நம்ம ஊர் கட்டைவிரல் நகத்துக்குள் முடிந்துவிடும். அழகுக்காக வாங்குகிறவர்கள் வாங்கலாம், நான் தாண்டி வந்துவிட்டேன்.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஒன்று, லண்டனில் 1826-ல் தொடங்கிய 'பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம்' 1830-களில் மலிவு விலையில் விற்ற இந்தியத் தாள்கள். இன்னொன்று, அரசாங்கத்தின் மேப் துறையான சர்வே ஆஃப் இந்தியா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சிட்ட ஒரு இன்ச் ஷீட். ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கு.

விவரத்தில் ஒரு இன்ச் ஷீட்டை அடிக்க ஆளில்லை. ஈரோடு, பவானி, கோபி, திருப்பூர் எல்லாம் 58E என்ற எண்ணுள்ள தொகுதிக்குள் வரும். அதைப் பதினாறு தாளாகப் பிரித்திருப்பார்கள். சாலை சிவப்பு, தண்ணீர் நீலம், மேடு பள்ளத்துக்குப் பழுப்புக் கோடு. குளம், வண்டித்தடம், கிணறு வரை உண்டு. வாங்கி வந்த அன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பிச்சி தோட்டத்துக் கிணற்றைத் தேடிப் பிடித்துவிட்டார். 1830-களின் தாளில் அதெல்லாம் நடக்காது. ஆறுகளும் பெரிய ஊர்களும் மலைத்தொடரும் இருக்கும், அவ்வளவுதான்.

இருந்தும் சுவரில் இருப்பது 1830-களின் தாள்தான். காரணம் காகிதம்.

அந்தக் காலத்துக் காகிதம் பழைய துணியைக் கூழாக்கிச் செய்தது. பருத்தி, லினன் நார் நீளமானது, சீக்கிரம் இற்றுப் போகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் வந்தது. அதோடு சேர்ந்த அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே தின்னும். அதனால்தான் நூறு வருடத் தாள் மடிப்பில் அப்பளமாய் உடைகிறது, இருநூறு வருடத் தாள் வேட்டி மாதிரி வளைந்து கொடுக்கிறது. எல்லா ஒரு இன்ச் ஷீட்டும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். துணியில் ஒட்டி வந்த சில தாள்கள் திடமாகவே இருக்கின்றன. என்னிடம் வந்தது அப்படி இல்லை.

போதாததற்கு என் தப்பும் சேர்ந்தது. ஃபிரேம் போடக் கொடுத்த கடையில் ஷீட்டைப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டிவிட்டார்கள். நான் சொல்லி விட்டிருக்க வேண்டும். இரண்டாவது ஐப்பசியில் பழுப்பு படர்ந்தது, மூலையில் ராமபாணப் பூச்சி. "ஏனுங்க, கறையில்லாத படமே கெடைக்கலீங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நம்ம பக்கம் சென்னை அளவுக்குப் புழுக்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் சித்திரை வெயிலுக்குச் சுருங்கி, மழைக்கு உப்பி, தாள் வருடாவருடம் இழுபடுகிறது. அதைத் தாங்குவது துணிக் காகிதம்.

எந்த மேப் ஆனாலும் தாளுக்கும் பின்பலகைக்கும் நடுவில் அமிலமில்லாத அட்டையை வையுங்கள். தாளின் மேல்விளிம்பை மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தாலும் மாவுப் பசையாலும் தொங்கவிடச் சொல்லுங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, வெயில் விழும் சுவரும் கூடாது. செல்லோ டேப், லேமினேஷன் என்று யாராவது சொன்னால் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

1830-களின் தாள் வாங்கும்போது ஒரு சோதனை. சங்கம் போன பிறகும், மேப்பைச் செதுக்கி அச்சடித்த அதே உலோகத் தகடுகளை வாங்கியவர்கள் திருத்தித் திருத்தி அச்சிட்டார்கள். ஓரத்தில் இருக்கும் வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம். சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன சென்னை ரயில்பாதை 1862-ல் முழுமையானது. அந்தக் கோடு உங்கள் தாளில் இருந்தால் அது பிந்தைய அச்சு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலில் தட்டுப்பட வேண்டும். அது இல்லாமல் வழவழவென்று இருந்தால் ஜெராக்ஸின் அண்ணன்.

திருப்பி விற்பது பற்றி எனக்கு அனுபவம் குறைவு, இதுவரை ஒன்றும் விற்றதில்லை. ஒன்று தெரியும்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய வரலாற்றுப் பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு ஆள் நல்ல விலை கொடுப்பான் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

ஒரு இன்ச் ஷீட்டை ஸ்கேன் செய்து, நல்ல தாளில் அச்சடித்து, சாப்பாட்டு மேஜைப் பக்கம் மாட்டிவிட்டேன். விவரம் வேண்டுமானால் இந்த வழி போதும், கெட்டாலும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். அம்மா தினமும் நிற்பது அதன் முன்னால்தான். முன்னறையில் இருக்கும் அசலை வந்தவர்கள் பார்க்கிறார்கள்.