மூன்று முறை நின்ற ஹாரன், மூன்று முறையும் கோளாறு வேறிடத்தில்

2014-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு வீடு வேலூர் சத்துவாச்சாரியில், அக்காவுக்கு ஏலகிரி மலைமேல் அத்தனாவூரில். மாதம் ஒரு தடவையாவது மலை ஏறிவிடுவேன். இந்த 11 வருடத்தில் ஹாரன் மூன்று முறை நின்றுபோனது. மூன்று முறையும் ஹாரன் நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு. இரண்டு நாள் தொண்டை கட்டியது போலக் கரகரத்தது, மூன்றாம் நாள் சத்தமே இல்லை. நேராகக் கடைக்குப் போய்ப் புது ஹாரன் வாங்கி மாட்டினேன். அதுவும் அடிக்கவில்லை. அப்புறம்தான் தெருமுனையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் பாயைக் கூப்பிட்டேன்.

"சார், நீங்க உள்ள உட்கார்ந்து ஹாரனை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டி பக்கம் காதைக் கொண்டுபோனார். 'டிக்' என்று கேட்டது. பாதி வேலையை அந்த 'டிக்' முடித்துவிடுகிறது. ஹாரனுக்கு நான்கைந்து ஆம்பியர் கரண்ட் வேண்டும். அவ்வளவும் ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாகப் போவதில்லை. சுவிட்ச் ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் ரிலேயைத் தூண்டும், ரிலேதான் 'டிக்' என்று மூடிக்கொண்டு பேட்டரி கரண்டை ஹாரனுக்கு அனுப்பும். டிக் கேட்டால் ஸ்டீயரிங் பக்கம் சரி, அதற்கு அப்புறம் தேடலாம். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஸ்டீயரிங் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

அடுத்து டெஸ்ட் லேம்ப், ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் ஊசி முனையும் உள்ள சின்ன விளக்கு. கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, முனையை ஹாரன் சாக்கெட்டில் வைத்தார். நான் அமுக்கியதும் விளக்கு எரிந்தது. கிளிப்பை சாக்கெட்டின் எர்த் பக்கம் மாற்றினார், எரியவில்லை. கரண்ட் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை. பம்பருக்குப் பின்னால் எர்த் போல்ட் முழுக்கத் துரு. எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். பழைய ஹாரனையே திரும்ப மாட்டினோம், கணீரென்று அடித்தது.

இரண்டாவது முறை கத்திரி வெயிலில். டிக் கேட்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பக்கத்திலேயே அதே எண் போட்ட இன்னொரு ரிலே இருந்ததால் அதைப் பிடுங்கி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ஹாரன் அடித்தது. புது ரிலே வாங்கிப் போட்டதோடு சரி. ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கூடுதலாகப் போட்டால் ஃபியூஸ் போகாது, ஒயர் கருகும்.

மூன்றாவது முறைதான் பயந்துபோனேன். ஏலகிரிப் பாதையில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டே ஹாரனை அமுக்கினேன், சத்தமில்லை. எதிரே ஏறிவந்த பஸ் ஓட்டுநர் பார்த்து நிறுத்தியதால் தப்பித்தோம். வளைவு முடிந்து நேரானதும் அமுக்கினேன், அடித்தது. அடுத்த வளைவில் மறுபடி ஊமை. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கிளாக் ஸ்பிரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீயரிங்குக்கு அடியில் வட்டப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த பட்டையான ரிப்பன் கேபிள் அது. ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுருண்டும் விரிந்தும் வருடக்கணக்கில் உழைக்கிறது. ஒரு நாள் உள்ளே விரிசல் விடுகிறது. நேராக வைத்தால் விரிசல் ஒட்டிக்கொள்ளும், திருப்பினால் விலகிவிடும்.

காட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில், "டேஷ்போர்டில் தனியாக ஒரு பட்டன் வைத்துவிடலாம், 300 ரூபாயில் முடிந்துவிடும்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹாரனுக்கும் டிரைவர் பக்க ஏர்பேக்குக்கும் இணைப்பு அந்த ஒரே ரிப்பன் வழியாகத்தான் போகிறது. பட்டன் வைத்தால் ஹாரன் அடிக்கும், ஆனால் மோதும் நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். ஹாரன் சரியாகிவிட்டதால் மற்றதை யாரும் தேடவும் மாட்டார்கள். இது உயிர் விஷயம்.

பாய்தான் மாற்றிக் கொடுத்தார். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு 10 நிமிடம் காத்திருந்தார், ஏர்பேக்கில் கை வைக்கும் முன் இது கட்டாயம். டயர்களை நேராக வைத்துத்தான் ஸ்டீயரிங்கைக் கழற்றினார். புது ஸ்பிரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி, சுற்றுகளை எண்ணி, சரியாக நடுவில் வைத்துப் பூட்டினார். நடு தவறினால் ஒரு பக்கம் முழுசாக ஒடிக்கும்போது ரிப்பன் அறுந்துவிடுமாம். பொருளும் கூலியும் சேர்ந்து 4,500 ரூபாய் ஆனது. பழகாதவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஃபியூஸ், ரிலே, எர்த் மூன்றும் நாமே பார்க்கக்கூடியவை.

மாற்றி 14 மாதம் ஆகிறது. மலை ஏறும் முன் பொன்னேரிக் கூட்டு ரோட்டில் ஓரமாக நிறுத்துகிறேன். ஸ்டீயரிங் நேராக ஒரு முறை, இடது பக்கம் முழுக்க ஒடித்து ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை ஹாரனை லேசாக அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.