சிப்பாய் பொம்மைக்குப் பின்னால பால்மரத் தோட்டம்: கிம்ப்போட நாலு வருசம்

நாலு வருசமா கிம்ப்ங்கிற போட்டோ எடிட் பண்ற சாப்ட்வேர யூஸ் பண்றேன், அதுவும் ஒரே ஒரு வேலைக்குத்தான். நான் பெயிண்ட் அடிக்கிற 1/72 (நெச ஆளுல 72ல ஒரு பங்கு) சிப்பாய் பொம்மைங்களுக்குப் பின்னால நெசமான இடத்தக் கொண்டாந்து வைக்க. நான் இருக்கிறது மலேசியாவுல சிலிம் ரிவர் பக்கம். 1942 ஜனவரி 7 விடியறதுக்கு முன்னாடி ஜப்பான்காரன் டாங்கி இந்த ரோட்டு வழியாத்தான் 11வது இந்திய டிவிஷனப் பொளந்துக்கிட்டு போச்சு, அதனால நான் அடிக்கிறதும் பஞ்சாபி, கூர்க்கா சிப்பாய்ங்கதான், பின்னணிக்கு எங்கயும் அலைய வேணாம், மோட்டர எடுத்தா பத்து நிமிசத்துல தோட்டம்.

மொத போட்டோ முடிச்சு பெருமையா தாத்தாகிட்ட காட்டினேன். ரப்பர் தோட்டத்துல ரொம்ப வருசம் பால் வெட்டினவரு. கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, "ஏன்டா, சண்டை நடந்தப்ப இந்த ரோட்டோரம் பூரா பால்மரம்ல, நீ என்னடா செம்பனைய வச்சிருக்க"ன்னாரு. நான் எடுத்திருந்தது எண்ணெய்ப் பனைத் தோட்டம். போச்சு, மூணு ராத்திரி வேலை. அப்புறம் வெட்டாம மிச்சம் இருக்கிற பால்மரத் தோட்டத்தத் தேடிப் போயி மறுபடி எடுத்தேன்.

ஆனா அதுலயும் ஆளுங்க அந்தரத்துல மெதக்கிற மாதிரியே இருந்துச்சு, என்ன தப்புன்னு புரியவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு. தப்பு கிம்ப்புல இல்ல, போனப் புடிச்ச உயரத்துல. 1/72 ஆளு மொத்தமே 24 மில்லிமீட்டர்தான், அவன் கண்ணு மேசைலருந்து ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம், நானோ நின்னுக்கிட்டு மேலருந்து எடுத்திருக்கேன். இப்போ போனத் தலைகீழா மேசைல நிக்க வச்சுருவேன், லென்ஸ் கீழ வந்துரும். தோட்டத்த நின்னபடியே எடுத்தா அடிவானம் நம்ம கண்ணு மட்டத்துல இருக்கும்ல, ஒட்டறப்போ சிப்பாய் கண்ணும் அதே கோட்டுல வரணும், கிட்ட நிக்கிறவனுக்கும் சரி, தூரத்துல நிக்கிறவனுக்கும் சரி. சமதரையா இருந்தா இத ஒண்ணு செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது லா.

அடுத்து வெளிச்சம். வெயில்ல எடுத்த தோட்டத்துல எலை நெழல் புள்ளி புள்ளியா விழும், டேபிள் லைட்டுல அத எங்க போயி கொண்டு வர்றது, அதனால மேகம் மூடுன நாள்லதான் பின்னணி எடுக்கறேன். பொம்மையப் பச்ச அட்டைக்கு முன்னால வச்சு எடுக்காதீங்க, துப்பாக்கிக் கத்தி ஓரமெல்லாம் பச்ச ஏறிக்கிட்டு சுத்தமா வெட்டவே முடியாது, சாம்பக் கலர் அட்டைதான் நல்லது. பொம்மை பளபளன்னு இருந்தாலும் காட்டிக் கொடுத்துரும், மேட் வார்னிஷ் அடிச்சே ஆகணும், ஆனா நம்மூரு ஈரத்துல மழை நேரமாப் பாத்து ஸ்ப்ரே அடிச்சா வெள்ளையா பூத்துரும், அப்படியே ஒரு செக்‌ஷன் சிப்பாய்ங்களே போச்சு எனக்கு.

கிம்ப்பப் பத்தி சொல்லணும்னா, பழைய 2.10 வெர்ஷன்ல இருந்தப்போ பின்னணிய ப்ளர் பண்ணி மூடிட்டா அவ்ளோதான், அடுத்த நாள் பாத்து ஜாஸ்தியாத் தெரிஞ்சா முதல்லருந்து ஆரம்பிக்கணும். 2025 மார்ச்ல 3.0 வந்ததுலருந்து ப்ளர் மாதிரி பில்டர் லேயரோடயே (படத்தோட அந்த அடுக்கோடயே) நிக்குது, எப்போ வேணா தொறந்து நம்பரக் கொறைக்கலாம். எனக்கு இதுக்கே காசு குடுக்கலாம், ஆனா ஓசி. பூட்ஸுக்கு அடியில தனி லேயர்ல மல்டிப்ளை (கீழ இருக்கிறத இருட்டாக்குற மோடு) போட்டு மெல்லிசா ஒரு நெழல், தூரத்து மரத்துக்கு லேசா வெள்ளைய ஏத்தி காலைப் பனி, வேற ஜிகினா எதுவும் நான் பண்றதில்ல. முடி மாதிரி மெல்லிசான துப்பாக்கி வார வெட்டறதுக்கு மட்டும் இன்னமும் பொறுமை வேணும், ஆட்டோமேட்டிக்கா வெட்டறத நம்பினா வாரோட கையும் சேந்து போயிரும்.

அவசரத்துக்கு தோட்டத்து போட்டோவ ஏ4ல பிரிண்ட் போட்டு பின்னாடி நிக்க வச்சும் எடுப்பேன். வெட்டற வேலையே இல்ல, ரெண்டு வெள்ளிதான் செலவு. என்ன, ஆளத் தள்ளி வைக்கலன்னா அவன் நெழலு வானத்து மேல விழும்.

இன்னும் சரியா வராதது அந்த டாங்கி படம்தான். விடியறதுக்கு முந்தின இருட்டு வேணும், கலரக் கொறைச்சு நீலத்த ஏத்திப் பாத்தாச்சு, எப்படிப் பண்ணாலும் கரண்டு போன ரூம்ல எடுத்த மாதிரியே இருக்கு. போன வாரம் அஞ்சு மணிக்கே தோட்டத்துக்குப் போயி பின்னணி எடுத்துட்டு வந்தேன், கொசுக்கடிதான் மிச்சம்.