குன்னூர் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இலியட்

குன்னூர் மார்க்கெட் பக்கம் படியேறிப் போனால் வரும் சின்னக் கடை. டிராய் நகரப் போரைப் பாடும் ஹோமரின் பழைய கிரேக்கக் காவியம் 'இலியட்'. ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு, 120 ரூபாய். மலை ஈரத்தில் ஓரமெல்லாம் பழுப்பேறி, பிரித்தாலே பூஞ்சை வாடை. ஆனால் 24 காண்டமும் முழுசாக இருக்கிறது. கடைக்கார அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் கொடுத்தார்.

நான் வெலிங்டனில் பயிற்சி எடுத்து 17 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து டிராயைப் பிடித்த கதைக்காக வாங்கினேன். அது இதில் வரவே இல்லை. டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் முடிந்துவிடுகிறது.

ஆறாம் காண்டத்தில் ஹெக்டர் தன் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிரைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுகிறது. அவன் சிரித்து, கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கி முத்தமிடுகிறான். நான் லீவில் வந்தபோது என் மகள் என்னை அடையாளம் தெரியாமல் பாட்டி முந்தானைக்குள் ஒளிந்தாள். அந்தப் பக்கத்தோடு அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

விதியைச் சொல்லும் விதம் நெஞ்சை அறுக்கிறது. சண்டையில் நின்றால் அழியாப் புகழ், ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள் என்பது கிரேக்க வீரன் அக்கிலீஸுக்குத் தெரியும். தேவர்களின் அரசன் சீயஸ் பொன் தராசைத் தூக்க, ஹெக்டரின் தட்டு தாழ்கிறது; அக்கிலீஸ் கையால் அவன் சாகிறான். கடைசியில் ஹெக்டரின் தந்தை, கிழ மன்னர் பிரையம், மகனைக் கொன்றவன் கையையே முத்தமிட்டு உடலைக் கேட்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். எதிரியை இவ்வளவு மரியாதையோடு எழுதிய போர்க்கதையை நான் படித்ததில்லை.

ஆட்களின் பெயர்கள் முதல் ஐம்பது பக்கம் குழப்பும். தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். ஹோமரின் இன்னொரு காவியமான 'ஒடிசி' வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.