சிப்பியைக் கேட்பதா, மணலைக் கேட்பதா?

வேதாரண்யம் பக்கம் ஒரு மாந்தோப்பில் மீன்குட்டை வெட்டியிருந்தார்கள். குழியின் ஓரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு மணல் சுவர். கடல் பின்வாங்கப் பின்வாங்க வரிசையாக விட்டுப்போன பழைய கரைமேடுகளில் அதுவும் ஒன்று. அது எப்போது கரையாக இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். கையில் இருந்த பணம் ஒரு சோதனைக்குத்தான் காணும். ரேடியோகார்பனா, ஓ.எஸ்.எல். எனப்படும் ஒளிர்வுக் காலக்கணிப்பா? நான் ஓ.எஸ்.எல். பக்கம் போனேன். இன்னொரு தடவை பணம் கொடுத்தாலும் அங்கேதான் போவேன்.

ரேடியோகார்பன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உயிர் போனதும் கார்பன்-14 வரத்து நின்றுவிடும், 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும், 50,000 ஆண்டு வரை கணக்குத் தாங்கும். சரியான பொருள் கிடைத்தால் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பூம்புகாரை அடுத்த கீழையூரில் செங்கல் படகுத்துறையில் நட்டிருந்த மரக்கம்பத்தின் காலம், கி.மு. 4-3ஆம் நூற்றாண்டை ஒட்டி, அப்படித்தான் தெரிந்தது. மரத்தை வெட்டியதற்கும் துறையில் நட்டதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்காது.

என் குழியில் கம்பம் ஏது? கிடைத்தது கிளிஞ்சல். ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது, உள்பக்கத்துப் பளபளப்பும் போயிருந்தது. உயிரோடு புதைந்த சிப்பியென்றால் பெரும்பாலும் இரண்டு ஓடும் சேர்ந்தே கிடக்கும். இது ஒற்றை ஓடு. செத்தபிறகு எத்தனை காலம் அலையில் உருண்டதோ, எந்தப் பழைய மேட்டை அரித்துக் கடல் இங்கே கொண்டுவந்து போட்டதோ! போதாக்குறைக்குக் கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பனே பழசு. அதனால் கடற்சிப்பி சில நூறு ஆண்டு வயதைக் கூட்டித்தான் சொல்லும். உலகச் சராசரி ஏறத்தாழ 400. அதையாவது கழித்துக்கொள்ளலாம். உருண்ட காலத்தை எதைக்கொண்டு கழிப்பது? ஆய்வகம் எவ்வளவு நறுக்காக எண் கொடுத்தாலும் அது சிப்பி செத்த காலம். நான் கேட்டது கரை எழுந்த காலம். இந்த ஒரு இடத்தில்தான் என் முடிவு விழுந்தது.

மணலிடம் கேட்டால் மணலின் கதையே வரும். சுற்றிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம், மேலிருந்து காஸ்மிக் கதிர் எல்லாம் சேர்ந்து மணலில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிம மணிக்குள், உண்டியலில் காசு சேர்ப்பதுபோல், எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்திக்கொண்டே இருக்கும். நல்ல வெயில் பட்டால் சில நொடி, மிஞ்சினால் சில நிமிடத்தில் உண்டியல் காலி. புதைந்ததும் மறுபடி நிரம்பத் தொடங்கும். ஆய்வகத்தில் நீல ஒளியைக் காட்டினால் சேர்ந்தது மங்கிய ஒளியாக வெளியே வரும். உண்டியலில் இருப்பு 4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வரவு ஆயிரம் ஆண்டுக்கு 2 கிரே என்றால் வயது 2000. கடற்கரையில் வெயிலிலும் காற்றிலும் புரண்ட மணலுக்கு உண்டியல் துடைத்துவிட்டதுபோல் காலியாகியிருக்கும் என்பது இதில் பெரிய வசதி. 1985-ல் வந்த முறை. 2000-ல் மர்ரி, வின்டில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளவீட்டைச் செம்மைப்படுத்தியபின் நன்றாகவே வேரூன்றிவிட்டது.

சுவரில் ஒரு கருமணல் கோடு ஓடியது. தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம் அதில் இருக்கலாம், அதிலிருந்து வரும் காமா கதிர் மணலில் சுமார் ஓரடி எட்டும். அதனால் நன்றாகத் தள்ளியே ஜி.ஐ. குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கினேன். முனைகளைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் கட்டும்போது தோப்புக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏந் தம்பி, வெயில் பட்டா மண்ணு கெட்டுடுமா?"

"மண்ணு தன் வயச மறந்துடும்ங்கய்யா."

வெளிச்சம் பட்ட முனை மணலும் வீணில்லை. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் அளக்க அதுவே போதும்.

இதில் தலைவலி தண்ணீர். மணிகளுக்கு நடுவே நிற்கும் நீர் கதிர்வீச்சில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வரவு குறையும், வயது கூடும். நான் போனது சித்திரையில். காயவைத்து எடைபோட்டதில் 5 சதவீத ஈரம். ஐப்பசி அடைமழையில் அதே சுவர் சொதசொதவென்று ஊறி நிற்கும். 5 சதவீதத்துக்கு 2000 என்று வரும் வயது, 25 சதவீதம் என்று வைத்தால் 2400-ஐ ஒட்டிப் போய்விடும். புதைந்த நாள் முதல் இன்றுவரை சராசரி ஈரம் என்ன என்பதை மதிப்பிட்டுத்தான் போட வேண்டும். 5 முதல் 10 சதவீதம் வரை பிசகை ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மணலில் உள்ள இன்னொரு கனிமமான பெல்ஸ்பாரிலும் பார்க்கலாம். ஆனால் அதில் சேர்ந்த இருப்பு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், திருத்தம் போட வேண்டும். சில ஆயிரம் ஆண்டு மேட்டுக்கு எதற்கு அந்த வம்பு?

கொள்ளிடத்து வெள்ள மணல் என்றால் இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். கலங்கல் நீரில், ராத்திரியில் அடித்துவரும் மணலுக்கு வெயில் சரியாகப் பட்டிருக்காது; பழைய பாக்கி ஒட்டிக்கொண்டு வயதைக் கூட்டும். மணி மணியாகப் பிரித்து அளந்தால் சமாளிக்கலாம். எனக்கு அதில் இன்னும் கை பழகவில்லை. அங்கே களிமண்ணுக்குள் இலைச்சருகு அகப்பட்டால் நானே ரேடியோகார்பனுக்குத்தான் அனுப்புவேன்.

ஐப்பசியில் மறுபடி போய் ஈரத்தை எடைபோட வேண்டும். அதற்குள் தோப்புக்காரர் மீன்குஞ்சு விட்டுவிட்டால் முங்கித்தான் மணல் அள்ள வேண்டியிருக்கும்.