உடற்பயிற்சிப் பூங்காவா, ஒழுங்கான நடைபாதையா?

இலங்கையின் மலையகத்தில் ஒரு நகரசபையின் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது என்று வைப்போம். மக்களின் ஆரோக்கியத்துக்காக எதைக் கட்டலாம்?

பூங்கா கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவும் வைக்கலாம். நுவரெலியா கிரகரி வாவிக்கரை போல அழகாகவும் அமையும். ஆனால் எங்கள் மழைக்கு இரும்புக் கருவிகள் துருப்பிடிக்கும், பராமரிக்க ஆள் வேண்டும். அப்புறம், நாள் முழுக்க சரிவில் கொழுந்து பறித்தவர் மாலையில் அங்கே வந்து சைக்கிள் மிதிப்பாரா?

நடைபாதை என்றால் வேறு கதை. ஹட்டன் போன்ற ஊரில் சம்பளம் போட்ட கையோடு வரும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கடைச்சாமான் பாதையை அடைத்திருக்கும், கானின் (சாக்கடையின்) மேல் போட்ட பலகைக்கல் ஒன்று உடைந்திருக்கும். அரிசிப்பையோடு வரும் அம்மா பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே தார் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார். கைப்பிடியில்லாத பாசி பிடித்த படிகளுக்குப் பயந்தே முதியவர்கள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலசைவாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ் ஸ்டாண்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நடந்தாலே அதில் பெரும்பங்கு வந்துவிடும். கண்டி வாவியைச் சுற்றிக் காலையில் கூட்டம் நடப்பதும் நடக்கப் பாதை இருப்பதால்தான்.

என் ஓட்டு நடைபாதைக்கு. கானுக்கு மூடி, படிக்குக் கைப்பிடி, இரவில் லைட். மிச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போடட்டும்.